தெரியலம்மா என்று சொன்ன டாக்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவிக்கு இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. ரயில்வே கேட் பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த எங்கள் டாக்டர், எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நுரையீரலில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி.

"இது என்னன்னு எனக்குத் தெரியலம்மா. பழைய தழும்பா இருக்கலாம், கெட்டதாவும் இருக்கலாம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம். பெருசாயிருந்தா நானே மெட்ராசுக்குக் கூட்டினு போறேன்."

நான் எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அவளோ வெளியே வந்ததும் கனகாம்பரம் பேரம் பேசினாள்.

"பயமா இல்லியா?" என்றேன்.

"எதுக்கு பாவா? அவருதான் பாத்துக்கினு இருக்காரே."

எங்கள் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்தது. "என் கையை மீறிப்போச்சு" என்று ஒளிக்காமல் சொல்லி, தன் காரிலேயே எங்களைச் சென்னைக்கு ஏற்றிப்போனவர் அவர். அதிலிருந்து அவர் சொல்தான் என் மனைவிக்கு வேதம்.

அடுத்தடுத்த படங்களில் புள்ளி அப்படியே இருந்தது. அவள் நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். கவலை முழுக்க என்னுடையதாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து டாக்டர் மாரடைப்பில் போய்விட்டார். பெற்ற தகப்பனுக்கு அழுவதுபோல் அழுதாள்.

அடுத்த படத்துக்குச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று படத்தைப் பார்த்தே சொன்னார்.

திரும்பும் பஸ் கனகம்மாசத்திரம் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னமோ மறைக்கிறாரு பாவா."

"நம்ம டாக்டரும் இதேதான சொன்னாரு?"

"அவரு தெரியலன்னா, தெரியலதான். இவரு சொல்ல முடியாதுன்னா, தெரிஞ்சே சொல்லாம இருக்காரு."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தையல் மிஷினைத் துணிபோட்டு மூடிவிட்டாள். பத்து வயது மகளுக்கு உலை வைக்கக் கற்றுக்கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது புள்ளி பெரிதாகியிருந்தது. சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவாங்க" என்றார்.

உள்ளே போனேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இருந்தா என்கிட்டயே சொல்லியிருப்பாரு. நீங்களாவது சொல்லுங்க பாவா."

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு என் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் அப்படித் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது.

ஆடி பிறக்கும் முன்பே போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் மகளிடம், அம்மா கஷ்டப்படாமல் போனாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போனபின் மகள் என்னிடம் வந்தாள்.

"நைனா, அம்மாவுக்கு வலிச்சுதா?"

"ஆங், வலிச்சுதும்மா," என்றேன்.

அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அன்று முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.