கொடியில் தொங்கிய ஸ்பூன்கள்

கொரட்டூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரரின் பால்கனிக் கொடியில், துணிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்பூன்கள் கிளிப் போட்டுத் தொங்கும். எல்லாம் சாம்பல் நிறம். பாகங்களை ஒட்டித் தானே செய்த ஒரு குட்டி பிளாஸ்டிக் போர்விமானத்துக்கு ஏர்பிரஷ்ஷால் பெயிண்ட் தெளிக்க, ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த ஸ்பூன்களில் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். பத்து ஸ்பூன்களிலாவது பெயிண்ட் வழியாமல் வந்த பிறகுதான் விமானத்தைத் தொடுவது என்று பிடிவாதமாக இருந்தார்.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மூச்சு இழுப்பு விடவேயில்லை. அவர் தெளிக்கும் பெயிண்ட்தான் காரணம் என்று குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

பெயிண்ட் புட்டியோடு வாசலுக்கு வந்தார். "இது தண்ணில கலக்கறதும்மா, நெடியே இருக்காது. மோந்து பாருங்களேன்."

குழந்தையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மறுநாள் கொடியில் ஸ்பூன்கள் இல்லை. இழுப்பு மட்டும் இருந்தது. "வீட்ல கொசுவத்தி ஏத்துறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். தினமும் தொட்டிலுக்கடியில் நான்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தியதும் குழந்தை தேறிவிட்டாள்.

அவரிடம் சொல்லிவிட எத்தனையோ முறை அவர் கதவுவரை போய்த் திரும்பினேன். ஒருநாள் படிக்கட்டில் அவரே கேட்டார்.

"பாப்பாக்கு இப்ப எப்டிம்மா கீது?"

"இழுப்பே இல்லீங்க."

"பாத்தீங்களா! நா நிறுத்துனது நல்லதாப் போச்சு."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் தலையாட்டினேன்.

அன்று மாலையே, பாப்பா விளையாடட்டும் என்று அந்த விமானத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பெயிண்ட் படாத வெறும் வெள்ளை. அதையும் வாங்கிக்கொண்டேன்.