புஞ்சாநாத்தின் பதினான்காவது கடி

புஞ்சாநாத்தின் உடம்பில் பதின்மூன்று கடித் தழும்புகள் இருந்தன. பிறந்த வருஷம் தெரியாத அவர் தன் வாழ்க்கையை அவற்றை வைத்துத்தான் சொல்வார். "கழுதை தோளைக் கவ்வுச்சே, அதுக்கு அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். கீரி மூக்கைப் பிடிச்சப்ப கேசர் அவ அம்மா வயித்துல." வலது காதுமடலில் ஒரு துண்டு கிடையாது. ராணி என்ற குரங்கின் கையிலிருந்த லட்டை இவர் பிடுங்கப் போனதற்கு அது எடுத்துக்கொண்டது. இடது கட்டைவிரலில் ஒரே சாரைப்பாம்பு மூன்று முறை கடித்திருந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு அதற்கு 'சம்பந்தி' என்று பெயர் வைத்தார்.

கடித்த எதையும் அவர் அடித்ததில்லை. ரத்தம் ஒழுகும் காதைத் துணியால் பொத்திக்கொண்டு, தன் கம்பு ரொட்டியில் பாதியை ராணிக்குப் பிய்த்துப் போட்டார். "அது வாய்கிட்ட கையைக் கொண்டுபோனது நான்தானே? அது என்ன பண்ணும்?" என்பார்.

பதினான்காவது கடி தழும்பாகும் வரை அவர் இருக்கவில்லை. அது அவருடைய தப்பும் இல்லை என்பது மகள் கேசரின் முடிவு. அந்தத் தப்பு அவள் தாய்மாமன் வேல்ஜிநாத்துடையது.

கேசர் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். பாம்பாட்டிகளான வாதிகளின் குடியிருப்பில் படித்து வேலைக்குப் போன முதல் பெண். அதற்காக அவளுக்குப் பாம்பு தெரியாது என்றில்லை. இரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளையும் போல அவள் மடியிலும் ஒரு குட்டியை விட்டுத்தான் வளர்த்தார்கள்.

நாகபஞ்சமிக்கு நான்கு நாள் முன்னால் வேல்ஜி ஒரு கூடையோடு வந்தார்.

"மச்சான், உன் புது நாகம் ரெண்டு சாண் படம் எடுக்குதாமே. திருவிழா முடியிற வரைக்கும் எனக்குக் குடு. என்னுது கிழட்டுச் சாது, நீ வச்சுக்கோ."

"பல்லு?"

"நேத்துதான் எடுத்தேன்."

புஞ்சாநாத் கூடையை வாங்கி உள்ளே வைத்தார். வாயைத் திறந்து பார்க்கவில்லை. வாதிகளில் யாரும் பார்க்கமாட்டார்கள். சொந்தக்காரன் பல் எடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கொடுத்த பாம்பின் வாயைத் திறப்பது, அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். அப்படி ஒருவன் பார்த்ததற்காக நிச்சயித்த கல்யாணமே நின்றிருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குத் தண்ணீர் காட்டக் கூடைக்குள் கைவிட்டபோது அது மணிக்கட்டில் கடித்தது. அவர் சிரித்துக்கொண்டே கையை உதறினாராம். "சாதுவுக்கு இன்னிக்குக் கோபம்" என்றாராம். ஐம்பது நிமிஷம் கழித்துக் கண்ணிமை இரண்டும் தொங்கின. யாரோ ஆஸ்பத்திரி என்றார்கள். வேல்ஜிதான் தடுத்தார். "ஆஸ்பத்திரிக்காரன் முதல்ல பாம்பு எங்கேன்னு கேப்பான். அப்புறம் காட்டு இலாகாக்காரன் வருவான். ஒரு கூடை மிஞ்சாது. வேரைக் குடுங்க, சரியாப் போயிடும்."

பன்னிரண்டு ஐம்பதுக்கு மூச்சு நின்றது. மூன்று மணி பத்து நிமிஷம்.

அந்த நேரம் முழுவதும் கேசர் வேலையில் இருந்தாள். அவள் மேஜைக்குப் பின்னால் இருந்த குளிர்பெட்டியில் விஷமுறிவு மருந்து பதினாறு குப்பிகள் இருந்தன. ஒன்றேகாலுக்கு முதல் அழைப்பு வந்தது. "குழி தோண்ட ஆளுங்க போயாச்சு, வா."

அப்பாவைப் புதைத்து வந்த அன்று மாலை அவள் அந்தப் பாம்பின் வாயைத் திறந்து பார்த்தாள். இரண்டு விஷப்பல்லும் முழு நீளத்தில் இருந்தன. ஈறில் ஒரு கீறல்கூட இல்லை. முந்தாநாள் பிடுங்கிய வாய் அப்படி இருக்காது.

ஆளைக் கொன்ற பாம்பை வாதிகள் கொல்வதில்லை. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்துதான் காட்டில் விடுவார்கள். அதுவரை செத்தவர் வீட்டில் இருக்கும். கேசர் அந்த நாட்களுக்காகக் காத்திருந்தாள். பதினோராம் நாள் மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த இடுக்கியும் லென்ஸுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பாம்போடு அரைமணி நேரம் தனியாக இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை கருவேல மரத்தடியில் சபையைக் கூட்டினாள். கூடையை நடுவில் வைத்தாள்.

"மாமா பல் எடுக்கலை. எடுத்தேன்னு பொய் சொன்னார்."

வேல்ஜி சாஸரில் ஊற்றிய டீயைக் கீழே வைக்கவில்லை. "உங்கப்பனைப் பிடிச்ச விதிக்கு நான் என்னடி பண்ணுவேன்? எடுத்தேன். என் அக்கா மேல சத்தியமா எடுத்தேன்."

"என் அம்மா செத்து ஆறு வருஷமாச்சு. அவளை ஏன் இழுக்கறீங்க? கூடை இருக்கு. அதுல கைய வச்சுச் சொல்லுங்க."

குடியிருப்பின் பெரியவர் பிக்காநாத் தலையைச் சொறிந்தார். கூடைச் சத்தியம் கேட்டால் மறுக்க முடியாது. மறுத்தால் குற்றவாளி. கூடைக்குள் கையை வைத்து, பாம்பு கடிக்காவிட்டால் உத்தமன்.

"ஏம்மா, அது ஆளைக் கொன்ன பாம்பு..."

"பாபா, மாமாதான் பல்லை எடுத்துட்டாரே. அப்புறம் என்ன பயம்?"

ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். வேல்ஜி டீயைக் கீழே வைத்தார்.

நாற்பது வருஷக் கை அது. மூடியை மெல்ல நகர்த்தி, விரல்களைச் சேர்த்து, மூச்சுப் படாமல் இறக்கினார். வேறு பாம்பாக இருந்தால் விட்டிருக்கும். இது முந்தின நாள்தான் வாயில் புண்பட்ட பாம்பு. சீறிக்கொண்டு புறங்கையில் கவ்வியது. ரத்தம் புள்ளி புள்ளியாக வந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கடா!" வேல்ஜி கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "டேய், வண்டி எடுங்கடா!"

"எதுக்கு மாமா ஆம்புலன்ஸ்? பல்லுதான் எடுத்தாச்சே."

"எடுக்கலைடீ! எடுக்கலை! அது பக்கத்துல போகவே எனக்குப் பயம். அதான் தள்ளிவிட்டேன். கேசர், உன் காலைத் தொடறேன்..."

கேசர் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். ஒன்பது ஐம்பத்தைந்து.

"ஆஸ்பத்திரிக்காரன் முதல்ல பாம்பு எங்கேன்னு கேப்பான், மாமா. அப்புறம் காட்டு இலாகாக்காரன் வருவான். ஒரு கூடை மிஞ்சாது. வேரைச் சாப்பிடுங்க, சரியாப் போயிடும்."

பிக்காநாத் எழுந்தார். "போதும் பொண்ணு. ஃபோன் பண்ணு."

"எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கு, பாபா. அன்னைக்கும் இருந்துது. ஒன்பது கிலோமீட்டர்ல நான் இருந்தேன். யாரு பண்ணீங்க?"

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கள் கூடைகள் இருந்த குடிசைகளைத்தான் பார்த்தார்கள். ஃபோனை யாரும் எடுக்கவில்லை.

வேல்ஜி வேரை மென்றார், துப்பினார், மறுபடி மென்றார். கால் மரத்துவிட்டது என்றார். நாக்கு தடிக்கிறது என்றார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேசர் எதிரே குந்தி அவருடைய கண்ணிமைகளைப் பார்த்தாள். பல்லைப் பிடுங்கினாலும் விஷப்பை உள்ளேதான் இருக்கிறது. ஒரு சொட்டு கீறலில் இறங்க வழி உண்டு. அது அவளுக்குத் தெரியும். அதற்காகப் பத்துக் குப்பிகள் ஐஸ் டப்பாவில் வீட்டுக்குள் இருந்தன. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இமைகள் தொங்கவில்லை. பயத்தில் அகல விரிந்தே இருந்தன.

அப்பா இந்நேரம் பாம்புக்கு ஒரு முட்டை கொடுத்து, மைத்துனனைக் கட்டிப்பிடித்து, "விடும்மா" என்றிருப்பார். கேசர் அதை நினைத்தாள். விடவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. வேல்ஜியின் மனைவி மண்ணில் புரண்டு அழுதாள். அவளுக்கு மட்டும் கேசர் மோர் கொடுத்தாள்.

ஒன்று ஐந்துக்குக் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள். இடுப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை உருவி வேல்ஜியின் மடியில் கவிழ்த்தாள். வளைந்த இரண்டு பற்கள் விழுந்தன. முள் பருமன்கூட இல்லை.

"நேத்துதான் எடுத்தேன், மாமா."

வேல்ஜி அழுதார். பிறகு சிரித்தார். பிறகு வாந்தி எடுத்தார்.

மறுநாள் காரியம் முடிந்ததும் கேசரே கூடையைச் சுமந்துபோய்ப் பாம்பை ஓடைக்கரையில் விட்டாள். பல் முளைக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அது பிழைத்துக்கொள்ளும்.

வேல்ஜி இன்றும் அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறார். அவர் கொடுக்கும் பாம்பை வாங்குகிறவர்கள், அவர் முன்னாலேயே, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, அதன் வாயைத் திறந்து பார்க்கிறார்கள். போன மாதம் அவர் பெண் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார், சீராக வந்த பாம்புக் கூடையைப் பந்தல் நடுவில் வைத்து, பாம்பின் வாயைத் திறந்து பார்த்தார்கள். நன்றாகத் தெரியவேண்டும் என்று கேசர் தன் லென்ஸைக் கொடுத்தாள்.