நோகுது என்று கேட்ட சொல்

காலை ஏழரைக்குக் கனடாவின் மிசிசாகாவில், வேலைத்தலத்துக் கார்த் தரிப்பிடத்தில், எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருப்பேன். வேலை எட்டு மணிக்கு. அந்த அரை மணியில் இருபது நிமிடம் மகளுக்கு. கொரியாவில், கடலோரச் சிறுநகரம் ஒன்றின் பள்ளி விடுதியில், அவளுக்கு அப்போது இரவு எட்டரை. இரவுப் படிப்புக்கு நடுவே ஓர் இடைவேளை. பூட்டி வைத்திருக்கும் கைபேசிகளை அப்போது பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். இருபது நிமிடத்தில் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

போன ஒக்டோபரில் ஒரு வாரம், பக்கத்து இருக்கையில் ஒரு படிவமும் என்னோடு வேலைக்கு வந்து போனது. அடுத்த வருடமும் பிள்ளை அங்கேயே படிப்பாளா, திரும்பி வருவாளா என்று பெற்றோர் சொல்ல வேண்டும். இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குள் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

"நீங்கள் அவளைக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"நீர்தானே தாய். நீர் கேளும்."

"ஒவ்வொரு நாளும் அவளோட கதைக்கிறது நீங்கள்."

கதைப்பதுதான். சாப்பிட்டனியே? ஓம். நித்திரை கொண்டனியே? ஓம். குளிரோ? ஓம்ப்பா, இட்ஸ் ஃபைன். மாதம் போகப் போக அந்த 'ஓம்' குறுகிக்கொண்டே வந்தது. சவர்க்காரம் தேய்வதைப் போல. எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லை. இரவெல்லாம் முதுகு இழுக்கும். விடிந்தால் 401 நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குகளின் வால். நீளத்தை அளக்காமல் அந்த வாலுக்குள் நுழைந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவளை யாரும் அனுப்பவில்லை. பதினாறு வயது, இங்கேயே வெக்ஸ்போர்டில் பிறந்து வளர்ந்தவள். வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் காதில் விழுந்த கொரிய மொழி அவளைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிட்டுக் கொரிய வகுப்புக்குப் போனாள். வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியைத் தானே தேடினாள், தானே விண்ணப்பித்தாள், சோதனையும் எழுதினாள். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடி அன்ரிக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை. எலிவேற்றரில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, நாங்களெல்லாம் கனடாவுக்கு வந்து சேர எவ்வளவு பாடுபட்டனாங்கள். உங்கட மகள் கனடாவில இருந்து வெளிக்கிட்டிட்டாவாம்?"

"படிக்கப் போயிட்டாள் அன்ரி."

"ஏன், இஞ்ச பள்ளிக்கூடம் இல்லையோ? கொரியாக்காரர் தங்கட பிள்ளையளை இஞ்ச அனுப்புறாங்கள். நீங்கள் உங்கட பிள்ளையை அங்க அனுப்புறியள். பிளேன்காரனுக்குத்தான் கொண்டாட்டம்."

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஒரு விதி இருந்தது. பத்தொன்பது வயதில் என்னை இங்கே அனுப்பியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. பார்க்டேலில் ஆறு பேர் படுத்த அறையில் சுவரோடு ஒட்டிக் கிடந்து, என் பிள்ளையைக் கேட்காமல் அவள் வாழ்க்கையில் ஒரு முடிவும் எடுக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையே இல்லாத காலத்தில் போட்ட விதி. போவதா என்பதை அவளே முடிவுசெய்தாள். வருவதா என்பதையும் அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. படிவம் இருக்கையில் கிடந்தது. அதன் மேல் ஒருநாள் கோப்பிக் கோப்பையை வைத்ததில் ஒரு வட்டம் விழுந்தது.

அந்தப் புதன்கிழமை காலை கைபேசியைத் திறந்தபோது விடுதிப் பொறுப்பாளர் அம்மாவின் செய்தி ஒன்று கிடந்தது. இயந்திரம் மொழிபெயர்த்த விறைத்த ஆங்கிலம். மாணவிக்கு வயிற்றுவலி, இன்று நான்காம் நாள், கஞ்சி கொடுக்கிறோம், தந்தையார் கவலைப்பட வேண்டாம்.

நான்கு நாளும் இட்ஸ் ஃபைன் என்றவள்.

"வயித்துவலி எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"வயித்துவலி இல்லையே அப்பா."

"அப்ப என்னத்துக்குக் கஞ்சி?"

சிரித்தாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு கேட்கும் சிரிப்பு.

"நீங்கள் வேலையால வந்து சப்பாத்துக் கழட்டேக்க ஒரு சத்தம் போடுவீங்கள், தெரியுமோ?"

"என்ன சத்தம்?"

"அப்ப்பாஹ் எண்டு. டயர்ல காத்துப் போற மாதிரி. அது எனக்கும் வருது. கட்டில்ல இருக்கேக்க, எழும்பேக்க, புத்தகத்தை மூடேக்க. இஞ்சயும் அப்பா எண்டா அப்பாதான். ஆனா உதட்டை இறுக்கிச் சொல்லோணும். காத்தோட விட்டீங்கள் எண்டா அது வேற சொல்லு. நோகுது எண்டு அர்த்தம்."

களைத்தவன் விடும் மூச்சுக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. அது தகப்பன் பெயராகவும் இருப்பதை நான் யோசித்ததே இல்லை. கதிரையில் சாயும்போதெல்லாம் நானும் என் தகப்பனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளையின் வாயில் ஐம்பது வயதின் மூச்சு.

"விடுதியம்மா கதவுக்கு வெளியில நிண்டு அதைக் கேட்டிட்டா. ஓடி வந்து, எங்க நோகுது எண்டு கேட்டா."

"அது எங்கட சொல்லு எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"பிறகு?"

"வயித்தில கையை வைச்சன்."

தரிப்பிடத்தில் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கதவுகள் அடிபட்டன. அவள் குரல் தணிந்து, ஆனால் நிற்காமல் வந்தது.

"என்ர நெத்தியைத் தொட்டுப் பாத்தா. பிறகு கஞ்சி கொண்டந்து, ஊதி ஊதித் தந்தா. அடுத்த நாளும் நோகுதோ எண்டு கேட்டா. அடுத்த நாளும் கையை வைச்சன். மார்ச்சில இருந்து என்னை ஒருத்தரும் தொடேல்லை அப்பா. பஸ்ஸில இடிச்ச ஆக்களைத் தவிர."

அதையும் பகிடியாகத்தான் சொன்னாள். பகிடி பாதியில் உடைந்துபோனது.

"வீட்ட வா" என்றேன்.

விதியை முறித்துவிட்டேன் என்று தெரிந்தது. எந்த நேரமும் அவள் கோபப்படலாம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

"நான் கேட்கேல்லையே" என்றாள்.

"ஓம், நீ கேட்கேல்லை. நான் சொல்லுறன். வருசம் முடிய வீட்ட வா."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"நான் நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நானே போறன் எண்டு நிண்டிட்டு, நானே வாறன் எண்டு எப்பிடி அப்பா சொல்லுறது? அந்த எலிவேற்றர் அன்ரி என்ன சொல்லுவா?"

"அப்பாக்கு ஏலாமப் போச்சுது, அதுதான் கூப்பிட்டவர் எண்டு சொல்லுவம்."

"அது பொய் இல்லையே" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இல்லை."

கைபேசிகளைச் சேர்க்கும் மணி அடித்தது. வைத்துவிட்டாள்.

மனைவிக்குப் போன் அடித்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதைக் கதைக்கிறதுக்கு அந்த மனிசி நாலு நாள் கஞ்சி காய்ச்ச வேண்டிக் கிடந்திச்சோ உங்கள் ரெண்டு பேருக்கும்?" என்றாள். பிறகு மூக்குச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

படிவத்தைத் தொடையில் வைத்து, திரும்பி வருவாள் என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டேன். காரணம் எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். 'தந்தையின் வேண்டுகோள்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அங்கே வருடம் முடிவது பெப்ரவரியில். இன்னும் நான்கு மாதம் கிடந்தது. விடுதியம்மாவின் செய்திக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. மகளுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் கேட்ட சொல் வேறு என்று எழுதத் தொடங்கினேன். பாதியில் அழித்தேன். மிகவும் நன்றி அம்மா, அவளுக்கு இன்னும் முழுதாகச் சுகமில்லை, முடிந்தால் இன்னும் சில நாள் கஞ்சி கொடுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் மணியைப் பார்த்தேன். எட்டு பத்து.