நாயின் பெயரில் வைத்த கார்டுகள்

1

அன்று காலை கிளினிக்கில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர். ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர். அவர் மனைவி. அவர்கள் மகள் வசந்தா. மைசூருக்கு வெளியே ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரி ஆபீசில் வேலை, அன்று கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தாள். மேஜைமேல் ஒரு வெள்ளைப் பொமரேனியன். கம்பவுண்டர் நான்.

தொண்ணூறுகளில் நடந்தது. கிளினிக் மைசூர் மண்டி மொஹல்லாவில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில். நான் ஆறாவது வரை படித்தவன். நாயைப் பிடிப்பது, எடை பார்ப்பது, வாயைக் கட்டுவது, மாத்திரையை எண்ணிக் காகிதக் கவரில் போடுவது, கார்டு எழுதுவது என் வேலை. எனக்குப் பேச்சு குறைவு. டாக்டருக்கு அது பிடிக்கும். "முனுசாமி பேசறதில்ல, அதனாலதான் நாய் சொல்றது எனக்குக் கேக்குது" என்று வருகிறவர்களிடம் சொல்வார். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த நாய்க்கு வலிப்பு. ஒன்றரை மாதம் முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் தூக்கி வந்தார். தினம் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதினார். வலிப்பு நின்றது. இப்போது வேறு தொல்லை. நிற்க வைத்தால் பின்கால் இரண்டும் பின்னிக்கொண்டு விழுந்தது. கண் பாதிதான் திறந்தது. எச்சில் வழிந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் காது அசைந்தது, அவ்வளவுதான்.

மாத்திரை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"ராத்திரி எட்டு மணி. ஒரு மாத்திரை. ஒரு நாள் லேட் கெடையாது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் வந்து போன நேரம் சொல்வது போலவே சொன்னார்.

"வேற யாராவது குடுக்கறாங்களா?"

"என் கையத் தவிர வேற கையில வாங்காது சார்."

அந்த அம்மா நாயின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். வசந்தா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

2

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். வருகிறவர்கள் டாக்டரிடம் பேசும் விதத்தைச் சொன்னால்தான் மேலே நடந்தது புரியும்.

வீட்டில் பெரியவர் யாரோ அவர்தான் டாக்டரிடம் பேசுவார். நாய்க்குச் சோறு போடுகிறவர், குளிப்பாட்டுகிறவர், அது அசிங்கம் பண்ணிய இடத்தைக் கழுவுகிறவர், இவர்கள் பின்னால் நிற்பார்கள். பேசுகிறவருக்கு நாயைத் தெரியாது. நாயைத் தெரிந்தவர் பேச மாட்டார்.

ஒருவர் தன் நாய் சுத்த சைவம், தயிர் சாதம் தவிர எதையும் தொடாது என்று சொல்லி முடிப்பதற்குள் அது மேஜைமேலேயே வாந்தி எடுத்தது. ஆம்லெட். நான் துடைத்தேன். பின்னால் நின்ற மகன் மட்டும் படியிறங்கிப் போய்விட்டான்.

இன்னொருவர் நாயைப் பற்றிக் கேட்டால் தன்னைப் பற்றிச் சொல்வார். அதற்கு வயிற்றுப்போக்கா என்றால், தனக்குப் போன மாதம் இருந்தது என்பார். பாதி நாள் அவருக்கும் டாக்டர் மருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இவர்களைப் பார்த்து நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். என் தவறு எனக்குத் தெரியவில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம். கார்டை வீட்டுக்காரர் பெயரில் வைப்பதில்லை, நாயின் பெயரில் வைப்போம். ஒரு பிஸ்கட் டின்னில் அகர வரிசை. நாயின் பெயரைச் சொன்னால் கார்டை எடுப்பேன். கார்டு இல்லையென்றால் தொலைந்திருக்கும் என்று புதிதாக எழுதுவேன். பழைய கவரைக் காட்டி அதே மாத்திரை என்றால், அதைப் பார்த்து எண்ணிக் கொடுப்பேன். கேள்வி கேட்க மாட்டேன். அதுதான் என் பெருமை.

3

டாக்டர் நாயின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். காலைக் கிள்ளிப் பார்த்தார். தினம் ஒரு மாத்திரைக்கு இவ்வளவு மயக்கம் வராது, கோளாறு மூளையில்தான் இருக்க வேண்டும் என்றார். அதற்கு மருந்து இல்லை. நாளைக் காலை வரை பார்க்கலாம். இப்படியே இருந்தால் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவதுதான் நல்லது, வேதனையாவது தீரும்.

ஸ்டேஷன் மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மேஜைப் பக்கம் குனிந்தார்.

"டைகர். எழுந்திருடா" என்றார்.

அந்த அம்மா அதன் காதருகே வாயை வைத்துக்கொண்டார். "செல்லம், கண்ணத் தொற."

வசந்தா அதன் முன்காலைப் பிடித்தாள். "மின்னு. மின்னும்மா."

மூன்று பெயருக்கும் காது அசைந்தது.

நான் நாயின் தலையை விட்டேன். பிஸ்கட் டின்னை எடுத்தேன். டைகர் என்று ஒரு கார்டு. செல்லம் என்று ஒரு கார்டு. மின்னு என்று ஒரு கார்டு. மூன்றிலும் பொமரேனியன், வெள்ளை. அப்போது மைசூரில் தெருவுக்கு நாலு வெள்ளைப் பொமரேனியன், அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மூன்றிலும் ஒரே வலிப்பு மாத்திரை. மூன்றிலும் ஒரே தெரு, ஒரே கதவு எண். மூன்றிலும் என் கையெழுத்து.

டாக்டர் முன்னால் மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

டாக்டர் கன்னடக்காரர். எங்களிடம் தமிழ் பேசுவார். கோபம் வந்தால்தான் கன்னடம் வரும். கார்டைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"யாக்கப்பா?" என்றார். ஏன் என்று கேட்கிறார்.

"நான் யாரையும் எதுவும் கேக்கல சார்" என்றேன்.

பிறகு அந்தக் குடும்பத்தின் பக்கம் திரும்பினார். "டைகர், செல்லம், மின்னு. மூணு பேருக்கும் மாத்திரை போயிருக்கு. மூணு பேரும் இங்க ஒரே மேஜையில படுத்திருக்காங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா நாயைப் பார்த்தே பேசினார்.

"நீங்க வாழைப்பழத்துல வெச்சுக் குடுத்தீங்க. அது பழத்தத் தின்னுட்டு மாத்திரையக் கட்டிலுக்கடியில துப்பியிருந்துச்சு. பெருக்கறப்ப பாத்தேன். பழைய கவரக் காட்டி இங்கயே வாங்கிட்டுப் போயி, அன்னைலருந்து காலையில நான் தயிர் சாதத்துல ஒண்ணு வெக்கறேன்."

"ஒரு நாள் துப்பினதுக்கா? எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உங்க கையில மட்டும்தான் வாங்கும்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்க. நான் எப்படிச் சொல்றது?"

வசந்தா மெதுவாகச் சொன்னாள். மாத்திரை தொடங்கிய புதிதில், அவள் வேலையிலிருந்து வந்த ஒரு சாயங்காலம் நாய்க்கு லேசாக இழுத்திருக்கிறது. அப்பாவுக்கு வயசாகிறது, மறந்திருப்பார் என்று நினைத்திருக்கிறாள். சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று பழைய கவரைக் காட்டி எங்களிடமே மாத்திரை வாங்கி, தினம் ஆபீசிலிருந்து வந்ததும் பன்னில் வைத்து ஒன்று கொடுத்திருக்கிறாள். அம்மா கொடுப்பது அவளுக்குத் தெரியாது. இவள் கொடுப்பது அம்மாவுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் கூடுதல் என்று நினைத்திருக்கிறாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் மூன்று கார்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"ஒரே டிராக்ல மூணு வண்டி விட்டிருக்கோம்" என்றார்.

4

டாக்டர் டிரிப் போட்டார். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு திரும்பிவிடும் என்று குறைத்துக் கொடுத்தார். நாய் மூன்று நாள் கிளினிக்கில் இருந்தது. முதல் நாள் தண்ணீர் நக்கியது. இரண்டாம் நாள் நின்றது. மூன்றாம் நாள் நான் எடை பார்க்கத் தூக்கியபோது என் கட்டைவிரலைக் கடித்தது. கார்டில் "தேவலை" என்று எழுதினேன்.

அழைத்துப் போக மூன்று பேரும் வந்தார்கள். இனிமேல் மாத்திரை யார் கொடுப்பது என்று டாக்டர் கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியைக் காட்டினார். எட்டு மணிக்குக் கொடுத்ததும் காலண்டரில் அந்தத் தேதியை அடிக்கும் வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். கொஞ்சமாவது அதிகாரம் வேண்டுமல்லவா.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஆனால் முனுசாமி பேசமாட்டான் என்று சொல்வதை அதோடு விட்டார்.

நாய், பூனை வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டாக்டரிடம் போனால் சோறு போடுகிறவர் பேச வேண்டும். கூட வந்தவருக்கு வேறு மாதிரி தெரிந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரியவர் முகம் வாடும், பரவாயில்லை. தின்றதை மறைக்கக் கூடாது. அது மேஜைமேலேயே வந்துவிடும். மிச்சமிருக்கும் மாத்திரைக் கவரை, யாரிடம் எது இருந்தாலும், கையோடு கொண்டுபோக வேண்டும்.

கம்பவுண்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு: கேளுங்கள். வாய் வலிக்காது.

அந்த வாரமே கார்டுகளை வீட்டுக்காரர் பெயரில் மாற்றினேன். நாயின் பெயருக்கு நேரே ஒரு வரிக்குப் பதில் நிறைய இடம் விட்டேன். வீட்டில் யார் யார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எல்லாவற்றையும் எழுதினேன். எத்தனை பெயரோ அத்தனை கைகள் நாயின் தட்டில் எதையாவது போடும்.

நான் அங்கே வேலையை விடும்வரை இப்படித்தான். அதிகப் பெயர் எழுதியது சரஸ்வதிபுரத்திலிருந்து வந்த ஒரு குட்டை நாய்க்கு. வீட்டில் இருந்தது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான்.

பெயர் ஏழு.