மல்லாவி மேசையில் என் பன்றித் துவக்கு

என் துவக்கை இரவல் வாங்கிக்கொண்டுபோய், ‘எதிரியிடம் கைப்பற்றியது’ என்று அட்டை எழுதி மேசையில் வைத்தார்கள். அது பொய். நடந்தது 1986இல். இன்றுவரை யாரும் திருத்தவில்லை. வன்னியில் போர் ஆயுதங்களைப் பார்க்கப் பயணம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

இனக்கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டியவர்கள் நாங்கள். கச்சான் கடலை போட்டால் காவல் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பன்றிகள் காணியைக் கிண்டிவிடும். அதற்காக லைசென்சு எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கு அது. ஆமியோடு சண்டை பிடித்த இயக்கப் பெடியன்கள் பத்து நாளில் தருவதாக வாங்கிப் போனார்கள். மாதம் ஒன்றாகிவிட்டது, கச்சானும் முற்றிவிட்டது. அப்போதுதான் பக்கத்துக் காணி முனியாண்டி, மல்லாவிப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் வைத்த ஆயுதக் கண்காட்சியில் அதைப் பார்த்ததாகச் சொன்னான்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டேன். வெள்ளாங்குளம் வரை பஸ். அதற்கு மேல் அன்று பஸ் ஓடவில்லை. உரமூட்டை ஏற்றிய டிரக்டர்ப் பெட்டியில் தொற்றிக்கொண்டேன். கிறவல் பாதை, குலுக்கி எடுத்துவிடும். கண்காட்சிக்கோ என்று ஓட்டுநர் கேட்டார். என் பொருளை எடுக்கப் போகிறேன் என்றேன். துணுக்காயில் நிறுத்தித் தேநீர் வாங்கித் தந்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்துக்கு வெளியே நீண்ட வரிசை. உள்ளே மேசைகளில் நிசமான ஆமி ரைபிள்கள், இரும்புத் தொப்பிகள், ஒரு வயர்லெஸ். கடைசியில் என்னுடையது. வெடிப்பு விட்ட மரப்பிடியில் நான் சுற்றிய சைக்கிள் ரியூப் அப்படியே இருந்தது.

எனக்கு முன்னால் பிள்ளையோடு நின்ற பெண் பொறுப்பாளரிடம் கேட்டாள்:

“ஏன் தம்பி, ஆமிக்காரனும் ரியூப் சுத்தித்தான் வச்சிருக்கிறானோ?”

வரிசை சிரித்தது.

“அது ஆமிக்காரனுது இல்ல தங்கச்சி, என்னோடது. பன்னிக்கு வச்சிருந்தேன்” என்றேன். சிரிப்பு நின்றுபோனது.

பொறுப்பாளர் இளைஞர், மரியாதையானவர். என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“ஐயா, சனம் பயந்துபோய்க் கிடக்குது. மேசை நிறைஞ்சிருந்தால்தான் ஒரு தெம்பு வரும். கொஞ்சம் பொறுங்கோ.”

“மேசை நிறையணும்னா மம்பட்டியையும் தாரேன், தம்பி. என் பேரை எழுதி வையி.”

அவர் மேசைக்குத் திரும்பிப் போனார். அட்டையை எடுத்தார், துவக்கையும் உள்ளே எடுத்துப்போனார். பிறகு தருவதாகச் சொன்னார்கள். பின்னேரம் மண்டபத்தைப் பூட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அன்றும் தரவில்லை, பிறகும் தரவில்லை. அந்தக் கிழமை தகரம் தட்டித் தட்டிக் காவல் இருந்தோம். பாதிக் கச்சான் பன்றிக்குப் போனது.

‘ஜெயபுரத்து விவசாயி கொடுத்தது’ என்று எழுதியிருந்தால் சனத்துக்குத் தெம்பு குறைந்திருக்குமா? கூடியிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இப்போது அந்தப் பாதையில் போகிறவர்கள் விடியவே கிளம்புங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். ஆயுதங்களை அடுக்கி வைத்திருக்கிறவர்கள், எந்தத் தரப்பானாலும், ஒவ்வொன்றும் யாருடைய கையிலிருந்து வந்தது என்று எழுதவேண்டும். பார்க்கிறவர்கள் குழலை விட்டுப் பிடியைப் பார்க்கவேண்டும். ஒட்டும் கட்டும் இருந்தால் அந்தப் பெண்ணைப்போல வாய்விட்டுக் கேட்கவேண்டும். துவக்குக் கொடுத்த ஊர்க்காரர்கள் வெட்கப்படாமல் பெயர் சொல்லவேண்டும். அன்று அட்டை எழுதியவர் உயிரோடிருந்தால் அதைத் திருத்தவேண்டும்.

என்னுடையது ஒற்றைக்குழல். பிடியில் கறுப்பு ரியூப், ஏழு சுற்று. கண்டவர்கள் எனக்குச் சொல்லவேண்டும். என் கையில் இருந்தவரை அது பன்றியைத் தவிர எதையும் சுட்டதில்லை.