ஒரு பூனைக்கு ஒரு குச்சி

பூனையின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுப்பது என் வேலை. அதைச் சொன்னால் பூனைகூட என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எந்தப் பூனை எதனால் கறுப்பு, எதனால் மஞ்சள், எதனால் வரி வரியாக இருக்கிறது என்று எச்சிலில் இருக்கும் மரபணுவை வைத்து வரைபடம் போடுகிறார்களாம். அந்த ஆராய்ச்சி செய்யும் மேடத்துக்கு என் மகள் வயது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஊர் ஊராகப் போய் எச்சில் எடுத்து வருவது நான். முதல் நாளே மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு பூனைக்கு ஒரு குச்சி, ஒரே பூனையை இரண்டாகக் காட்டினால் அன்றோடு வேலை போச்சு. எனக்குப் பகீர் என்றது. இதற்கு முன் முந்திரி உடைக்கும் இடத்தில், பருப்பு குறைகிறது என்று எல்லார் முன்னாலும் என் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார்கள். தூசிதான் விழுந்தது. இன்னொரு முறை அப்படி நிற்க என்னால் முடியாது. கதவு தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும்.

முதலில் யார் வாய்?

பெரம்பலூரில் ஒரு வீட்டுக்காரர், குச்சியில் மருந்து தடவியிருக்கிறதா என்று மோந்து பார்த்தார். “மொதல்ல உங்க வாயில தேச்சுக் காட்டுங்க, அப்புறம் எங்க பூனைக்கு” என்றார். தேய்த்துக் காட்டினேன். பூனைக்கு வேறு குச்சி எடுத்தேன். பஸ் ஏறிய பிறகுதான் சந்தேகம் வந்தது. உறையில் போட்டது பூனையின் குச்சியா, என் குச்சியா? உடனே மேடத்துக்குப் போன் போட்டேன்.

அவர் பதறவே இல்லை. “வரட்டும்க்கா. உங்க உடம்புல எத்தனை கலர் இருக்குன்னு தெரிஞ்சுடும்.”

பாடாலூர் ஓட்டலில்

ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பூனை இருப்பதாகச் சொன்னார்கள். நான் பையைத் திறந்து கையுறையை மாட்டியதுமே கல்லாவில் இருந்தவர் எழுந்துவிட்டார். சாப்பாட்டைச் சோதிக்க வந்த ஆபீஸ் ஆள் என்று நினைத்திருக்கிறார். “எங்க கடையில பூனையே கிடையாதுங்க” என்றார். அவர் காலடியில் மஞ்சள் வரிப் பூனை ஒன்று மீன் முள்ளை நக்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“அது கடைப் பூனை இல்லீங்க. சாப்பிட வந்திருக்கு.”

சாம்பல் நிறம்

ரெட்டிபாளையத்தில், சிமெண்ட் லாரி போகும் ரோட்டோரம் ஒரு வீடு. அழகான சாம்பல் பூனை. சாம்பல் நிறம் கிடைப்பது அரிது என்று மேடம் சொல்லியிருந்ததால், சந்தோஷமாக ‘சாம்பல்’ என்று எழுதினேன். வாயைத் திறக்கப் பிடித்தபோது என் கை பட்ட இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தார். அட்டக் கறுப்பு! எழுதியதை அடித்துத் திருத்தினேன். அடித்தல் இருந்தால் மேடம் சந்தேகப்படுவாரே என்று ஒரே கவலை. அந்த அம்மாவோ துணியை உதறிக்கொண்டே சொன்னார்:

“இந்த ரோட்டுல மனுசங்களே சாம்பல் கலருதான். பூனை மட்டும் என்னா பண்ணும்?”

வாசப்படி தாண்டாத மூன்று பூனைகள்

ஜெயங்கொண்டத்தில் ஒரு தெருவில் மூன்று வாரத்தில், கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் கலந்த மூன்று மூவர்ணப் பூனைகள் கிடைத்தன. தெருமுனையில் தையல்காரச் செல்வியின் மடியில் ‘லட்சுமி’. நடுத்தெருவில் பாத்திமாம்மா முந்தானைக்குள் ‘ராணி’. பின்சந்தில், ரிட்டையர் ஆன கண்டக்டர் வீட்டில் ‘குட்டிமா’. “எங்க வூட்டுப் பூனை வாசப்படி தாண்டாதுங்க” என்று மூன்று பேரும் ஒரே மாதிரி சத்தியம் செய்தார்கள். எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று பெரும்பாலும் கறுப்பு, ஒன்று பெரும்பாலும் மஞ்சள், ஒன்றின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. இரண்டு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பூனை திமிறியதால் ஒவ்வொன்றையும் ஒரு பக்கம்தான் எடுத்தேன்.

அடுத்த மாதம் மேடம் போன் செய்தார். “மூணு குச்சியும் ஒரே பூனையோட எச்சில். அக்கா, நெசத்தைச் சொல்லுங்க, இது உங்க வீட்டுப் பூனையா?”

நாலரை மணி

என் முந்தானையை மறுபடி உதறச் சொன்ன மாதிரி இருந்தது. “நேர்ல வந்து பாருங்க மேடம்” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு இரண்டு பேரும் செல்வி வீட்டு வாசலில் நின்றோம். லட்சுமி பால் குடித்தது, வாயைத் துடைத்தது, மதில் ஏறிக் குதித்தது. “எங்கடி போறே?” என்று செல்வி பின்னாலேயே ஓட, நாங்களும் ஓடினோம். அது பாத்திமாம்மா வீட்டில் ராணியாகக் கறித்துண்டு தின்றது. இப்போது நான்கு பேர் ஆனோம். பின்சந்தில் குட்டிமாவாகத் தயிர்சாதத்தில் வாய் வைத்தபோது கண்டக்டர் எங்களைப் பார்த்து, “என்னாங்க, ஊர்வலமா?” என்றார்.

மேடம் பூனையைத் தூக்கி இடப்பக்கம் திருப்பினார்: கறுப்பு. வலப்பக்கம் திருப்பினார்: மஞ்சள். போனில் இருந்த என் மூன்று போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூவர்ணப் பூனைக்கு ஒரு பக்கம் இருக்கிற மாதிரி மறுபக்கம் இருக்காதாம்.

“ரெண்டு பக்கமும் எடுக்காதது என் தப்புதான் மேடம். ஆனா பொய் இல்ல” என்றேன்.

“பொய் இல்லக்கா, பாத்துட்டேன். திங்கக்கிழமை உடையார்பாளையம் போகணும், குச்சி எடுத்து வச்சுக்குங்க” என்றார்.

செல்விக்குத்தான் ஆறவில்லை. பூனையின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள்:

“அப்ப எங்கிட்ட வந்து பசி பசின்னு கத்துனதெல்லாம் நடிப்பாடி?”

இந்த வேலையில் என்னை நம்பாத மனிதர்கள் எத்தனையோ பேர். எனக்காகச் சாட்சி சொல்ல வந்ததோ, மூன்று வீட்டை ஏமாற்றிச் சாப்பிட்ட ஒரு திருட்டுப் பூனை.