சம்மணம் போட முடியாதவன்

சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தில் டிரெடில் மிஷினுக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றேன். இடது காலில் உடம்பை நிறுத்தி, வலது காலால் அடிப்பலகையை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வலது கை வெற்றுத் தாளை வைக்கும், இடது கை அச்சான தாளை எடுக்கும். வருஷம் முழுக்கத் தீப்பெட்டி லேபிள். தீபாவளி சீசன் நெருங்கினால் பட்டாசு லேபிளும் சேர்ந்துகொள்ளும். விருதுநகரில் வீடு. காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன்.

நாற்பத்தேழு வயதில் முழங்கால் போயிற்று. ஒரே நாளில் போகவில்லை. முதலில் படி இறங்கும்போது குத்தியது. பிறகு ரயில் ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நாள், பலகையில் வைத்த கால் மேலே வர மறுத்துவிட்டது. மிஷின் தானாக நான்கு சுற்றுச் சுற்றி நின்றது. என் மிஷின் அந்த நேரத்தில் நிற்பது வழக்கம் இல்லை என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. "ஒரு மாசம் வீட்ல இருங்க அண்ணாச்சி. எண்ணெய் கிண்ணெய் போட்டு உருவி விடுங்க. நல்லானதும் வாங்க" என்றார். ஒரு மாதம் கழித்துப் போனேன். என் மிஷினில் இன்னொருவன் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். கால் சீராக விழுந்து எழுந்தது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிட்டேன்.

விருதுநகர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு முழங்காலையும் அமுக்கிப் பார்த்தார். தேய்ந்துவிட்டது என்றார். ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது. கூடாது என்று அவர் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. முடியாது என்று முழங்காலே சொல்லியாகிவிட்டது.

அதன் பிறகுதான் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் எல்லா வேலையும் தரையில் நடக்கிறது. தீப்பெட்டி ஒட்டுவது தரையில். மிளகாய் வற்றல் காம்பு கிள்ளுவது தரையில். செருப்புத் தைப்பவர், ஈயம் பூசுபவர், சாணை பிடிப்பவர் என்று யாரைப் பார்த்தாலும் ஒன்று தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இல்லையென்றால் நாள் முழுக்க நிற்கிறார்கள். இரண்டும் முடியாதவனுக்கு இடம் எங்கே என்று தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நடப்பதும் கொஞ்ச தூரந்தான்.

வீட்டில் என் மனைவி தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். நானும் சேர்ந்து ஒட்டுகிறேன் என்றேன். சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நேரே நீட்டி, மடியில் பலகையை வைத்துக்கொண்டு ஒட்டிப் பார்த்தேன். சின்ன வீடு. பசைச் சட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் என் கால் கிடந்தது. அவள் ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றிப் போக வேண்டும். புருஷன் காலைத் தாண்டக் கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். மூன்றாம் நாள் அவளே சொன்னாள்.

"நீங்க ஒட்ட வேணாங்க. எந்திரிக்கையில ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு."

அவளுடைய தம்பி தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லோடு அடிக்கிற லாரியில் போய்வருவான். அங்கே காகிதக் குழாய் சுருட்டும் வேலை இருக்கிறது, வெடிமருந்து தொட வேண்டியதில்லை, முக்காலி போட்டு உட்காரலாம் என்று அவன் சொன்னான். லாரியிலேயே கூட்டிப்போனான்.

அங்கே முக்காலி இல்லை. வேப்பமரத்தடியில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் வாசல். பெண்கள் தரையில் உட்கார்ந்து குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். போர்மேன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்றார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்தேன். வேலையைக் காட்டுவார் என்று நினைத்தேன்.

"இப்ப எந்திரிங்க" என்றார்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையைத் தரையில் ஊன்றி, குப்புறப் புரண்டு, நிலையைத் தேடிப் பிடித்து எழுந்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டு, எனக்குக் கை கொடுக்கலாமா என்பதுபோல் பாதி எழுந்து நின்றாள்.

போர்மேன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நினைக்காதீக. பக்கத்து ரூம்புல மருந்து இருக்கு. ஒண்ணுன்னா எல்லாரும் வெளிய பாஞ்சிருவாக. நீங்க உள்ள கெடப்பீக. ஒங்களத் தூக்க இன்னொருத்தன் உள்ள வருவான். ரெண்டு உசுராப் போயிரும்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. மச்சினன் லோடு ஏற்ற இன்னும் நேரமாகும் என்றான். பஸ்ஸில் சாத்தூருக்கு வந்து, விருதுநகர் ரயிலுக்காக ஸ்டேஷனில் காத்திருந்தேன். வேலை கிடைக்காததைவிட, தரையில் புரண்டது மனசில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. வயிற்றில் பசி இருந்தது. கட்டிக்கொண்டு போன சோற்றை அவிழ்க்கத் தோன்றவில்லை.

பிளாட்பாரத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு வெளியே, ஒருவர் உயரமான முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். எதிரே ஒரு மேஜை. மேஜையின் மேல் ஒரு நாற்காலியை ஏற்றி வைத்து, உட்காருமிடம் பிய்ந்துபோன பகுதியில் புதுப் பிரம்புப் பட்டை பின்னிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு, முப்பது வயதுக்காரர். பார்வை இல்லாதவர். விரல்கள் துளையைத் தேடின, பட்டையை நுழைத்தன, இழுத்தன, அடுத்த துளைக்குப் போயின. நான் அவர் விரலைப் பார்க்கவில்லை. அந்த முக்காலியையும் மேஜையையும்தான் பார்த்தேன். இந்த வேலையில் மனுஷன் தரைக்குப் போக வேண்டாம். நாற்காலிதான் மேலே வருகிறது.

பக்கத்தில் போனேன். ஆள் நிற்பது தெரிந்து அவர் கையை நிறுத்தினார்.

"யாருங்க அது? கண்ணு நல்லாத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அப்ப ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தக் கட்டுல கறை புடிச்ச பட்டை இருந்தா எடுத்துப் போட்ருங்க. தடவுனா முறிவு தெரியும், கறை தெரியாது எனக்கு. போன வாட்டி ஒரு வாத்தியாரு, நடுவுல கறுப்புக் கோடு ஓடுதுன்னு திருப்பி விட்டுட்டாரு."

நான் பெஞ்சில் உட்கார்ந்து கட்டைப் பிரித்துப் பொறுக்கினேன். லேபிளில் மை பிசகினால் கண்டுபிடிக்கிற கண் இது. பதினேழு பட்டை எடுத்துப் போட்டேன். என் ரயில் வந்து போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பேசிக்கொண்டே, மிஷின், முழங்கால், தாயில்பட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் தயங்கித் தயங்கி, இதை எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன்.

அவர் ஒரு பட்டையை முழுசாக இழுத்து முடித்தார்.

"அண்ணாச்சி, இந்தச் சாத்தூருல நாற்காலி எம்புட்டு இருக்கும்னு நினைக்கீக? ஸ்டேஷன், பள்ளிக்கூடம், மாதா கோயில், நாலு தீப்பெட்டிக் கம்பெனி. அம்புட்டுத்தான். அதுக்கு நான் ஒருத்தன் போதும். கத்துத் தாரேன். ஆனா இங்கன கை வைக்கக் கூடாது. விருதுநகர், சிவகாசி எல்லாம் நீங்க எடுத்துக்கோங்க. என்னால பஸ்ஸு ஏறி அங்கன வர முடியாது."

"சத்தியமா வைக்க மாட்டேன் தம்பி."

"சத்தியமெல்லாம் வேணாம். ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும்."

மூன்று வாரம் காலை ரயிலில் சாத்தூர் போனேன். அவர் எரிச்சல்காரர். நீளவாட்டில் ஒரு வரிசை, அதன் மேல் குறுக்கே ஒரு வரிசை, மறுபடி நீளம், மறுபடி குறுக்கு, பிறகு இரண்டு மூலைவாட்டு என்று ஆறு முறை போக வேண்டும். மூலைவாட்டுப் பட்டை எதன் மேலே, எதன் கீழே என்பதில் நான் தவறிக்கொண்டே இருந்தேன். தடவிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் பிரித்துப் போட்டுவிடுவார். ஐம்பதை நெருங்குகிற ஆள், பிரித்துப் போட்டதை மறுபடி மறுபடிப் பின்னிக்கொண்டிருந்தேன். கண் கூசும், கழுத்து வலிக்கும். முழங்கால் மட்டும் ஒரு பெட்டியின் மேல் நீட்டிக்கொண்டு சும்மா இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அது சும்மா இருந்தது.

முதல் நாற்காலி விருதுநகர் ஆஸ்பத்திரி நர்சம்மாவுடையது. பள்ளமாகத் தொங்கிப்போனதால் அதன் மேல் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார். பின்ன ஐந்து நாள் ஆயிற்று. கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் கையால் அழுத்திப் பார்த்தார், பிறகு மெல்ல உட்கார்ந்தார். பிரம்பு முறுக்கென்று ஒரு சத்தம் போட்டது.

"புதுசுன்னா சத்தம் போடத்தான் செய்யும். ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?" என்று சிரித்தார். பிறகு வார்டில் இருந்த மற்ற இரண்டு நாற்காலிகளையும் காட்டினார்.

அப்படித்தான் அது தொழிலாயிற்று. ஆசிரியர்கள் வீடுகள், வக்கீல் ஆபீஸ், பருப்பு மண்டிகள். நாற்காலியை என்னால் தூக்க முடியாது. அவர்களே கொண்டுவந்து போடுவார்கள், இல்லையென்றால் நான் போய் அங்கேயே பின்னுவேன். மனைவி தீப்பெட்டிக் கூட்டை விடவில்லை. ஒரு நாற்காலிகூட வராத வாரமும் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வருஷம் கழித்து என் பழைய அச்சகத்திலிருந்து ஆள் வந்தது. ஆபீஸ் அறையில் நாலு நாற்காலி. போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போனேன். மிஷின் அறையை ஒட்டிய வராந்தாவில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். காலையிலிருந்து டிரெடில் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பெட்டியின் மேல் நீட்டியிருந்த என் வலது கால், அந்தச் சத்தத்துக்குத் தக்கபடி அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. கவனித்து நிறுத்துவேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்துவிடும்.

முதலாளி வந்தார். "நல்லா இருக்கீகளா அண்ணாச்சி? சாப்பிட்டீகளா?" என்றார். பின்னி முடித்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். நானும் வேறு எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், என் மிஷினில் நிற்கிறவன் வந்து பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் பின்னலைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு மொதல்ல எங்கன வலிச்சது?"

"படி எறங்கையில. முட்டுக்கு உள்பக்கம்."

அவன் குனிந்து தன் வலது முழங்காலின் உள்பக்கத்தைத் தொட்டுக்கொண்டான். தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலை மாற்றி மாற்றி மிதி, நிற்கிற இடத்தில் சாக்கை மடித்துப் போட்டுக்கொள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவன் தலையாட்டினான். மாற்றி மிதித்தால் வேலை பாதியாகிவிடும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மணி அடித்தது, உள்ளே போய்விட்டான். அன்றைக்கு அதற்கு மேல் எனக்குப் பின்னல் ஓடவில்லை.

சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு முறை ஆள் அனுப்பினார்கள். பதினெட்டு நாற்காலி, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேண்டுமாம். அங்கே உங்கள் ஊர்க்காரர் இருக்கிறாரே என்றேன். "அவரு ஒத்த ஆளு, முடிக்க மாட்டாரு. கண்ணு வேற தெரியாது" என்றார் வந்தவர். அதற்கு முந்தைய மாதம் முழுக்க எனக்கு ஒரே ஒரு நாற்காலிதான் வந்திருந்தது. மனைவி அடுப்பங்கரையிலிருந்து என்னைப் பார்த்தாள். மறுநாள் சாத்தூர் போய் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். முகம் இறுகிவிட்டது. பிறகு, "அப்ப ரெண்டு பேருமாச் சேந்து முடிப்போம்" என்றார். "ஆர்டர் எம் பேருலதான். நீங்க கறை பாத்துக்கோங்க, மூலைவாட்டு மட்டும் நான் போடுதேன். ஒங்க மூலைவாட்டு இன்னுங் கோணல்தான்."

இரண்டு மேஜை போட்டு எதிரெதிரே உட்கார்ந்து பதினெட்டையும் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் முடித்தோம்.

அறுபத்தைந்து வயதை ஒட்டி வலி விரலுக்கு வந்தது. கணுக்கள் வீங்கி, காலையில் கை மடங்காது. நர்சம்மா மாத்திரை கொடுத்தார். ஐந்து நாளில் முடித்த நாற்காலிக்கு இப்போது பத்து நாள். வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் காத்திருப்பார்கள், சிலர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பின்னுவதற்கு முன்னால் பிரம்புப் பட்டையைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். என் மனைவி அதற்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பட்டை ஊறுகிற நேரம் வரைக்கும் நானும் இரண்டு கையையும் அதே வாளியில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்குள் பட்டை வளையத் தொடங்கிவிடும். விரல் அவ்வளவு சீக்கிரம் வளையாது. இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றச் சொல்வேன்.